700 ஆண்டுப் பல்லில் சிக்கிய பிளேக் கிருமி: பழைய டிஎன்ஏ என்னவெல்லாம் சொல்கிறது, நம்ம ஊர் விஷயத்தில் ஏன் திணறுகிறது?

1338, 1339. இந்த இரண்டு ஆண்டுகளில் மத்திய ஆசியாவின் ஒரு சின்ன ஊரில் என்னமோ நடந்திருக்கிறது. அங்குள்ள கல்லறைகளை எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஊரின் பெயர் காரா-ஜிகாச். இன்றைய கிர்கிஸ்தானில், தியான் ஷான் மலையடிவாரத்தில், இஸிக் குல் ஏரிப் பகுதியில் இருக்கிறது. பட்டுப் பாதை வணிகத்தோடு தொடர்புள்ள ஒரு கிறிஸ்தவச் சமூகம் அங்கே வாழ்ந்தது. இறந்தவரின் பெயரையும் ஆண்டையும் சிரியாக் மொழியில் கல்லில் பொறித்து வைப்பது அவர்கள் வழக்கம். (கேரளத்தின் பழைய கிறிஸ்தவ சபைகள் வழிபாட்டில் பயன்படுத்தும் அதே சிரியாக்தான்.)

இந்த ஊரிலும், பக்கத்தில் உள்ள புரானாவிலும் கிடைத்த கல்லறைக் கற்களில் ஆண்டு தெளிவாகத் தெரிபவை 467. கிட்டத்தட்ட நூறு ஆண்டு காலத்தில் இறந்தவர்களுக்கானவை அவை. அதில் 118 கற்கள் அந்த இரண்டே ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதாவது, நான்கில் ஒன்று. சில கற்களில் காரணமும் எழுதியிருக்கிறது: கொள்ளைநோய். சன்மாக் என்பவரின் கல், அவர் புலி ஆண்டில் கொள்ளைநோயால் இறந்தார் என்று மட்டும் சொல்கிறது. என்ன நோய் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்ல முடியும்? பொறித்தவருக்கே தெரியாது.

1885 முதல் 1892 வரை இந்த இடுகாடுகள் தோண்டப்பட்டன. சில எலும்புக்கூடுகள் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குப் போயின. அங்கே அருங்காட்சியகத்தில் நூறு ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடந்தன. இந்தக் கல்வெட்டுகளில் இரண்டு ஆண்டுகள் மட்டும் இப்படித் துருத்திக்கொண்டு நிற்பதைக் கவனித்த வரலாற்றாசிரியர் பிலிப் ஸ்லாவின், தொல் மரபணு ஆய்வாளர்களான மரியா ஸ்பைரூ, யோகான்னஸ் கிராவுஸ் ஆகியோரோடு சேர்ந்தார். ஏழு பேரின் பற்களைத் துளைத்து, உள்ளிருந்த தூளை எடுத்து லேப்பில் பார்த்தார்கள். மூன்று பேரிடம் யெர்சினியா பெஸ்டிஸ் பாக்டீரியாவின் டிஎன்ஏ இருந்தது. பிளேக் நோயை உண்டாக்கும் கிருமி அதுதான்.

2022-ல் இந்த ஆய்வு 'நேச்சர்' இதழில் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. காரணம், அந்த ஊரில் பிளேக் வந்தது மட்டும் அல்ல. அது எந்த பிளேக் என்பதுதான்.

'கறுப்பு மரணம்' பற்றிப் பள்ளியில் படித்திருப்போம். 1346-ல் கருங்கடல் பக்கம் தலைகாட்டி, 1353-க்குள் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல்வரை மக்களைக் கொன்றதாகக் கணக்கிடப்படும் பேரழிவு. அது எங்கே தொடங்கியது என்று நூற்றாண்டுகளாக விவாதம். காரா-ஜிகாச் கிருமியின் மரபணுத்தொகுப்பை மற்ற பிளேக் கிருமிகளோடு ஒப்பிட்டபோது, ஒரு கட்டத்தில் திடீரென நான்கு கிளைகளாகப் பிரியும் பிளேக் குடும்ப மரத்தில், சரியாக அந்தப் பிரிவுப் புள்ளியிலேயே இது போய் உட்கார்ந்தது. ஐரோப்பாவைச் சூறையாடிய கிருமி இதன் வாரிசு. இதற்கு நெருங்கிய உறவான கிருமிகள் இன்றும் தியான் ஷான் பகுதியில், மார்மோட் எனும் பெரிய கொறிவிலங்குகளிடம் இருக்கின்றன.

இதோடு விவாதம் முடிந்துவிட்டதா என்றால், இல்லை. நான்கு கிளைப் பிரிவு ஒரு நூற்றாண்டு முன்பே, மங்கோலியப் படையெடுப்புகளின் காலத்தில் நடந்திருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'கிழக்கிலிருந்து வந்த நோய்' என்ற பொத்தாம்பொதுவான கதை, இப்போது ஊர் பெயரோடும் தேதியோடும் பேசுகிற அளவுக்கு வந்திருக்கிறது. அதுதான் பெரிய விஷயம்.

பல்லுக்குள் கிருமி எப்படித் தங்கியது?

பல்லின் நடுவே மென்மையான கூழ்ப்பகுதி இருக்கிறது. ரத்த ஓட்டம் உள்ள இடம். பிளேக் முற்றி ஒருவர் இறக்கும்போது ரத்தம் முழுக்கக் கிருமி பரவியிருக்கும், பல்லுக்குள்ளும்தான். உடல் மட்கினாலும் பல்லின் எனாமல் ஒரு டப்பா மாதிரி உள்ளே காய்ந்துபோன ரத்தத்தைக் காப்பாற்றி வைக்கிறது.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு, கவனிக்கவும். ரத்தத்தில் ஏறாத நோய் பல்லில் தங்காது. ஆளைச் சட்டெனக் கொல்லாமல் குடலில் மட்டும் குடியிருக்கும் கிருமிக்கு இந்தச் சாட்சி கிடைக்காது. அதனால், பழைய டிஎன்ஏ காட்டும் நோய்களின் பட்டியலை 'அந்தக் காலத்தில் இருந்த நோய்களின் பட்டியல்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி டிஎன்ஏ விட்டுச்சென்ற நோய்களின் பட்டியல், அவ்வளவுதான்.

எடுக்கும் தூளில் இருப்பதும் சுத்தமான கிருமி டிஎன்ஏ அல்ல. பெரும்பகுதி, மண்ணிலிருந்து உள்ளே புகுந்த பாக்டீரியாக்களுடையது. தேடும் கிருமியின் பங்கு பல நேரம் ஒரு சதவீதம்கூட இருக்காது. எனவே அந்தக் கிருமியின் வரிசைக்குப் பொருந்தும் செயற்கை டிஎன்ஏ துண்டுகளைத் தூண்டில் மாதிரிப் போட்டு, ஒட்டிக்கொண்டு வருவதை மட்டும் இழுக்கிறார்கள். வருவதும் முழுசாக வராது. ஒரு புத்தகத்தைக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் அரை வரி மட்டும் விட்டுவைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. ஒவ்வொரு துண்டும் பெரும்பாலும் நூறு எழுத்துக்கும் குறைவு. கோடிக்கணக்கான துண்டுகளைக் கணினிதான் பொருத்துகிறது.

சரி, லேப்பில் வேலை பார்ப்பவரின் தும்மலோ தலைமுடியோ கலந்திருந்தால்? நியாயமான கேள்வி. இந்தத் துறை ஒரு காலத்தில் அசிங்கப்பட்டதே அதில்தான். 1984-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில், அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரை வகையின் அருங்காட்சியகத் தோலிலிருந்து 229 எழுத்து டிஎன்ஏவை எடுத்தார்கள். துறை பிறந்தது அங்கேதான். அடுத்து ஆளாளுக்கு ஆர்வக் கோளாறு. 1994-ல் 8 கோடி ஆண்டுப் பழைய எலும்பிலிருந்து டைனோசர் டிஎன்ஏ கிடைத்ததாக ஒரு அறிவிப்பு. 'ஜுராசிக் பார்க்' படம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, கேட்க வேண்டுமா? பிறகு பார்த்தால் அது மனித டிஎன்ஏ.

இப்போது அதற்கு ஒரு நல்ல வடிகட்டி இருக்கிறது. ஏ, சி, ஜி, டி என்ற நான்கு எழுத்துகளால் ஆனது டிஎன்ஏ. வயதாக ஆக, துண்டுகளின் முனைகளில் உள்ள 'சி' எழுத்து சிதைந்து, இயந்திரம் படிக்கும்போது 'டி' என்று தெரிகிறது. பழைய ரூபாய் நோட்டின் ஓரம் நைந்திருப்பது போல. புதிதாக ஒட்டிய டிஎன்ஏவில் இந்த நைவு இருக்காது. ஆக, சேதம்தான் இங்கே அசல் முத்திரை. மலட்டு அறைகள், இந்த மாதிரிச் சோதனைகள் என்று துறையைக் கறாராக்கியவர்களில் முக்கியமானவர் சுவாண்டே பாபோ. 2022-ல் மருத்துவ நோபல் வாங்கினாரே, அவர்தான்.

கோவை வரைக்கும் வந்த குடும்ப மரம்

2011-ல் லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில், 1348-50 காலத்தில் புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து பிளேக் கிருமியின் மரபணுத்தொகுப்பு மீட்கப்பட்டது. அதற்கு முன்பு வரை, கறுப்பு மரணத்துக்குக் காரணம் பிளேக்தானா, இல்லை வேறு ஏதாவது வைரஸா என்றே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை அத்துடன் ஓய்ந்தது. இன்றைய பிளேக் கிருமிக்கும் அதற்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி என்பதும் தெரிந்தது. அப்படியென்றால் அன்று அத்தனை பேர் செத்ததற்குக் கிருமியின் தனி சக்தி மட்டுமே காரணமாக இருக்க முடியாது. பசி, நெரிசல், எலி, மருந்தே இல்லாத நிலை எல்லாம் சேர்ந்துதான்.

அதே குடும்ப மரத்தின் ஒரு கிளைதான் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவிலிருந்து கப்பல் ஏறியது. 1894-ல் ஹாங்காங்கில் அலெக்சாண்டர் யெர்சின் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896-ல் பம்பாய். 1898-ல் கராச்சியில் பால்-லூயி சிமோன், எலியிலிருந்து மனிதருக்கு இதைக் கடத்துவது தெள்ளுப்பூச்சி என்று காட்டினார். இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கோவைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. பிளேக்கைக் கட்டுப்படுத்த 1897-ல் ஆங்கிலேயர் கொண்டுவந்த கொள்ளைநோய்ச் சட்டம்தான் 2020-ல் கொரோனாவுக்கும் தூசி தட்டி எடுக்கப்பட்டது.

பின்னோக்கிப் போனாலும் பிளேக் விடுவதாக இல்லை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு ஐரோப்பா, ஆசியாவின் வெண்கலக் காலத்தைச் சேர்ந்த 101 பேரைச் சோதித்து, 7 பேரிடம் இதே கிருமியைக் கண்டது. 2024-ல் ஸ்வீடன், டென்மார்க் பகுதிகளின் சுமார் 5,000 ஆண்டுப் பழைய கல்லறைகளில் 108 பேரைப் பார்த்தபோது 18 பேரிடம் இருந்தது. நூறு பேருக்கு 17 பேர்! எழுத்தே இல்லாத ஊர்களில், எந்த ஆவணமும் சொல்லாத ஒரு நோய் இத்தனை பேரிடம் இருந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய கிருமிகளில் ஒரு ஜீன் இல்லை. தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் உயிர்பிழைக்க உதவும் ஜீன் அது. தெள்ளுப்பூச்சி இல்லாமல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் எப்படிப் பரவியது என்பது பல ஆண்டுப் புதிர். 2025-ல் இதற்கு ஒரு துப்பு கிடைத்தது. ரஷ்யாவின் தென் யூரல் பகுதியில் ஆர்கைம் என்ற வெண்கலக் காலக் குடியிருப்பில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டு பழைய ஓர் ஆட்டின் பல்லில் அந்தப் பழைய வகை பிளேக் கிருமி இருந்தது. மனிதரல்லாத உயிரினம் ஒன்றில் இந்த வகை கிடைத்தது இதுவே முதல்முறை. மந்தை மந்தையாக ஆடு மாடு மேய்த்துக்கொண்டு புல்வெளிகளில் நகர்ந்த மக்கள் அவர்கள். காட்டு விலங்கிடமிருந்து ஆட்டுக்கு, ஆட்டிடமிருந்து மேய்ப்பருக்கு என்று போயிருக்கலாம். ஓர் ஆட்டை வைத்து முழுக் கதையையும் முடித்துவிட முடியாதுதான். ஆனாலும் இனிமேல் தொல்லியல் தளத்தில் கிடைக்கும் ஆட்டு எலும்பை 'சாப்பிட்டுப் போட்டது' என்று ஓரம் கட்ட முடியாது.

எட்டே எட்டு மாமூத்

விலங்குகள் பக்கம் வந்தால், இந்தத் துறையின் செல்லப்பிள்ளை மாமூத். அந்த ரோமம் மூடிய யானைக்கு இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தம் நம் ஆசிய யானைதான். ஆப்பிரிக்க யானையை விட மாமூத்தான் முதுமலை யானைக்கு நெருக்கம்.

மாமூத் எல்லாம் பனியுகத்தோடு போய்விட்டன என்றுதான் பலரும் நினைக்கிறோம். சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அவை இருந்தன. எகிப்தின் பெரிய பிரமிடு கட்டி முடித்துச் சில நூற்றாண்டுகள் ஆன பிறகும் அங்கே மாமூத் மேய்ந்துகொண்டிருந்தது! கடல்மட்டம் உயர்ந்து, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் தீவு தனியானபோது ஒரு சிறு கூட்டம் உள்ளே மாட்டிக்கொண்டது. 2024-ல் வெளியான மரபணு ஆய்வின் கணக்குப்படி, அந்தத் தீவு வம்சத்தை உருவாக்கியவை அதிகபட்சம் 8 மாமூத்கள்.

எட்டிலிருந்து சில நூறாகப் பெருகி, 6,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம், தீங்கான மரபணு மாற்றங்கள், நோய் எதிர்ப்புக்கான ஜீன்களில் பன்மை குறைவு எல்லாம் இருந்தது. ஆனால் அதனால் மெல்ல மெல்லத் தேய்ந்து அழியவில்லை என்கிறது ஆய்வு. முடிவு திடீரென வந்திருக்கிறது. தொற்றா, வானிலையா, வேறு ஏதாவதா? அந்தக் கடைசி அத்தியாயத்தின் எலும்புகள் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

இதைப் படிக்கும்போது குஜராத்தின் கிர் சிங்கம் நினைவுக்கு வராமல் போகாது. ஒரு சின்னக் கூட்டத்திலிருந்து மீண்டு வந்த இனம் அதுவும். 2025 கணக்கெடுப்பில் 891. எண்ணிக்கை பார்த்தால் வெற்றிக்கதை. ஆனால் 2018-ல் நாய்களிடம் காணப்படும் ஒரு வைரஸ் புகுந்து சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. எண்ணிக்கை கூடுவதும், மரபணுப் பன்மை கூடுவதும் ஒன்றல்ல. எண்ணிக்கை சில பத்து ஆண்டுகளில் ஏறிவிடும்; இழந்த பன்மை அப்படித் திரும்பாது என்பதற்கு ரேங்கல் மாமூத் 6,000 ஆண்டுச் சாட்சி.

போகிற போக்கில் ஒன்று. 2025 ஏப்ரலில் உங்கள் ஃபீடில் வெள்ளை ஓநாய்க் குட்டிகள் ஊளையிடும் வீடியோ வந்திருக்கும். 'அழிந்துபோன டயர் உல்ஃப் திரும்பி வந்துவிட்டது' என்று தலைப்பு. கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம், பழைய பல், மண்டையோடு ஆகியவற்றின் டிஎன்ஏவைப் படித்து, சாதாரணச் சாம்பல் ஓநாயின் 14 ஜீன்களில் 20 மாற்றங்கள் செய்து பிறக்கவைத்த குட்டிகள் அவை. தொழில்நுட்பம் அசத்தல்தான். ஆனால் அது டயர் உல்ஃபா? மேக்கப் போட்ட சாம்பல் ஓநாய் என்பதுதான் நம் கருத்து. பல மரபியலாளர்களும் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள்.

எலும்பே வேண்டாம், மண் போதும்

எலும்போ பல்லோ கிடைத்தால்தான் டிஎன்ஏ என்ற நிலையும் மாறிவிட்டது. விலங்குகள் உதிர்க்கும் முடி, சாணம், சிறுநீர், மரங்கள் உதிர்க்கும் இலை, வேர் என எல்லாவற்றிலிருந்தும் டிஎன்ஏ மண்ணில் கலக்கிறது. அது களிமண், குவார்ட்ஸ் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால், வெறும் டிஎன்ஏவாக இருப்பதை விடப் பல மடங்கு காலம் தாங்கும்.

கிரீன்லாந்தின் வடகோடியில் காப் கோபென்ஹாவன் என்ற படிவுப் பகுதி இருக்கிறது. இன்று போனால் பனிப்பாலைவனம். கண்ணுக்கெட்டிய வரை மரம் என்று ஒன்று கிடையாது. எஸ்கே வில்லர்ஸ்லெவ் தலைமையிலான குழு 2006-ல் அங்கே மண் மாதிரிகளை எடுத்தது. அன்றைய தொழில்நுட்பத்தில் டிஎன்ஏ வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்று, 2022 டிசம்பரில்தான் முடிவை வெளியிட முடிந்தது. வயது: சுமார் 20 லட்சம் ஆண்டுகள். அதுவரை இருந்த சாதனை சைபீரிய மாமூத் பற்கள், 10 லட்சத்துக்குச் சற்று மேல். ஒரே தாவலில் இரட்டிப்பு!

அந்த மண்ணில் பாப்லர், பிர்ச் மரங்கள் இருந்தன. முயல், எலி வகைகள், காட்டு வாத்து, பனிமான் இருந்தன. பக்கத்துக் கடலில் குதிரை லாட நண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக மாஸ்டடான், அதாவது யானையின் தூரத்துச் சொந்தம். அவ்வளவு வடக்கே மாஸ்டடான் போயிருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓர் எலும்புகூட அங்கே கிடைத்ததில்லை. அன்று அந்த இடம் இன்றையதை விட 11 முதல் 19 டிகிரி செல்சியஸ் வெப்பமாக இருந்திருக்கிறது.

துருவக் குளிரைத் தாங்கும் பனிமானும், மிதவெப்பக் காட்டின் மரங்களும் ஒரே இடத்தில் வாழ்ந்த அந்தக் காட்டுக்கு ஒப்பான காடு இன்று உலகில் எங்கும் இல்லை. பூமி சூடானால் எந்த உயிரினம் எங்கே போகும் என்று இன்றைய காடுகளை வைத்து மட்டும் கணக்குப் போடுபவர்களுக்கு இது ஒரு தலைவலி. நாம் பார்த்தே இராத கூட்டணிகளும் உருவாகலாம் என்று அர்த்தம்.

அப்போ நம்ம ஊர்?

இதுவரை படித்த ஊர்களை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கிர்கிஸ்தான் மலையடிவாரம், லண்டன், ஸ்வீடன், யூரல், சைபீரியா, கிரீன்லாந்து. ஒரு விஷயம் பிடிபடுகிறதா? எல்லாமே குளிர்.

இது தற்செயல் இல்லை. டிஎன்ஏவின் முதல் எதிரி வெப்பம், இரண்டாவது ஈரம். இரண்டும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகளை வைத்து 2012-ல் ஒரு கணக்கு போட்டார்கள். சராசரி 13 டிகிரி வெப்பத்தில், 242 எழுத்து நீளமுள்ள டிஎன்ஏ துண்டுகளில் பாதி அழிய 521 ஆண்டுகள். சென்னையின் ஆண்டுச் சராசரி 28 டிகிரியைத் தாண்டும். வெப்பம் ஏற ஏற இந்த அழிவும் வேகமெடுக்கும். பெட்டிக்குள் வைத்த ஐஸ்கிரீமுக்கும், மேஜை மேல் வைத்த ஐஸ்கிரீமுக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஹரியானாவின் ராக்கிகரி சிந்துவெளி இடுகாடு இதற்குப் பெரிய உதாரணம். 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில், உருப்படியாக டிஎன்ஏ தந்தது ஒரே ஒரு பெண்ணுடையது. அதுவும் விடாப்பிடியாகப் பல தடவை முயன்ற பிறகு. 2019-ல் வெளியான அந்த ஒற்றை மரபணுத்தொகுப்பின் மேல்தான் டிவி விவாதங்கள் அத்தனையும் நடந்தன. காதின் உட்பகுதியைச் சூழ்ந்திருக்கும், உடலிலேயே மிக அடர்த்தியான எலும்பில்தான் இப்படிக் கொஞ்சநஞ்சமாவது தங்குகிறது.

அதே இந்தியாவில் குளிர் உள்ள இடத்துக்குப் போனால் கதையே வேறு. உத்தராகண்டில் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள ரூப்குண்ட் ஏரி. கரையெல்லாம் எலும்புக்கூடுகள். ஒரே ஆலங்கட்டி மழையில் மொத்தக் கூட்டமும் இறந்தது என்பது நெடுநாள் நம்பிக்கை. கொள்ளைநோய் என்ற ஊகமும் இருந்தது. ஹைதராபாத் சிசிஎம்பியின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோரின் குழு 38 பேரின் டிஎன்ஏவை எடுத்து 2019-ல் வெளியிட்டது. 23 பேர் தெற்காசிய வம்சாவளியினர், கி.பி. 800 வாக்கில், அதுவும் ஒரே தடவையில் இல்லாமல் இறந்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதியின் வம்சாவளியினர், கி.பி. 1800 வாக்கில் இறந்தவர்கள்! நடுவில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. கொள்ளைநோய்க்கான பாக்டீரியா தடயம் எதுவும் சிக்கவில்லை. சிக்கவில்லை என்பதாலேயே நோய் இல்லை என்று ஆகிவிடாது. அளவு மிகக் குறைந்திருந்தால் கருவிக்குத் தெரியாது.

இதனால் நமக்கு என்ன நஷ்டம்? நோய்களின் உலக வரலாறு இப்போது புதிதாக எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதில் தரவு குளிர் நாடுகளிலிருந்துதான் குவிகிறது. பெரியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் வெளியான ஆய்வில், வடக்கு ஐரோப்பாவில் கி.பி. 600 முதல் 1050 வரை வாழ்ந்த 11 பேரிடம் பெரியம்மை வைரஸின் டிஎன்ஏ கிடைத்தது. 20-ம் நூற்றாண்டில் கோடிக்கணக்கானோரைக் கொன்ற வகையிலிருந்து வேறுபட்ட, இப்போது இல்லாத ஒரு கிளை. 'வைக்கிங் காலத்திலேயே பெரியம்மை' என்று தலைப்புகள் வந்தன. அம்மைக்கென்றே ஒரு தெய்வத்தை வைத்து, வேப்பிலை கட்டி, தாளிப்பு வாசம்கூட வீட்டில் வராமல் பார்த்துக்கொண்ட தென்னிந்தியாவில் அந்த வைரஸ் எப்போதிருந்து இருந்தது? டிஎன்ஏ சொல்லும் பதில் இன்றுவரை கையில் இல்லை. இருந்ததா என்பதே சந்தேகம் என்று இதற்கு அர்த்தமில்லை; வெயில் தடயத்தைத் தின்றுவிட்டது என்றுதான் அர்த்தம். வரைபடத்தில் ஐரோப்பா முழுக்கப் புள்ளிகளும், இந்தியா வெற்றிடமாகவும் இருந்தால், நோய் அங்கிருந்துதான் வந்தது என்று ஸ்க்ரோல் செய்பவர் முடிவு கட்டிவிடுவார்.

சில நேரம், சமவெளியின் நோய்க்கு மலை சாட்சி சொல்லிவிடுகிறது. நேபாளத்தின் முஸ்தாங் பகுதியில், 2,800 மீட்டர் உயரத்தில் சோகோபானி என்ற இடம். அங்கே கி.மு. 800 வாக்கில் புதைக்கப்பட்ட ஓர் ஆணிடம் மலேரியா ஒட்டுண்ணியின் டிஎன்ஏ கிடைத்தது. 2024-ல் வெளியான ஆய்வு இது. மலேரியா வகைகளிலேயே கொடிய ஃபால்சிபாரம் வகை. அந்த உயரத்தில், அந்தக் குளிரில் மலேரியா பரவவே முடியாது. ஆக, அவர் கீழே போயிருக்கிறார். வியாபாரமோ வேறு வேலையோ, சமவெளிக்குப் போய், கொசுக்கடி வாங்கி, காய்ச்சலோடு மலை ஏறியிருக்கிறார். கீழேயே இறந்திருந்தால் இந்தத் தடயம் நமக்குக் கிடைத்திருக்க வாய்ப்பு சொற்பம். 2,800 ஆண்டுகளுக்கு முன் கங்கைச் சமவெளி ஓரத்தில் மலேரியா இருந்திருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம், மலேரியாவே இல்லாத ஊரில் கிடைத்த ஒரு பல்.

தமிழ்நாட்டில் கீழடிக்குப் பக்கத்தில் உள்ள கொந்தகையின் முதுமக்கள் தாழிகளில் கிடைத்த எலும்புகளில், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஎன்ஏ தேடும் பணியில் இருக்கிறார்கள். சுமார் 2,500 ஆண்டு, வைகைக் கரை வெயில், மழைக்காலத்தில் தாழிக்குள் இறங்கும் தண்ணீர். ராக்கிகரியை விடக் கஷ்டமான பரீட்சை.

அதனால்தான் தோண்டும் முறையே முக்கியமாகிறது. மண்ணுக்குள் ஆயிரம் ஆண்டு தாக்குப்பிடித்த டிஎன்ஏ, வெளியே எடுத்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கோந்து தடவி அலமாரியில் வைத்தால் சில பத்து ஆண்டுகளிலேயே பெருமளவு போய்விடும். அந்தக் காலத்து அகழாய்வுகளில் உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். இப்போது எலும்பு கண்ணில் பட்டவுடன் கையுறை, முகக்கவசம். கழுவக் கூடாது. மண் ஒட்டியிருக்க அப்படியே எடுத்துக் குளிரில் வைக்க வேண்டும். சுற்றியுள்ள மண்ணையும் தனியாக எடுத்து வைக்க வேண்டும், அதிலும் ஏதாவது இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், துளைத்தால் துளைத்ததுதான். ஒரு பல்லைத் தூளாக்கிச் சோதித்தால் அந்தத் தூள் திரும்ப வராது. லண்டன் மாதிரி ஆயிரக்கணக்கில் எலும்பு இருக்கும் ஊர்களில் நாலைந்து வீணானால் பரவாயில்லை. ஒரு தாழிக்கு இரண்டு பல் கிடைக்கும் இடத்தில், எதை இப்போது செலவழிப்பது, எதை அடுத்த தலைமுறைக் கருவிக்கு விட்டுவைப்பது என்று துளைப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். கிரீன்லாந்து மண் 16 ஆண்டுகள் காத்திருந்தது.